மேல்முறையீட்டின்போது ஜாமீன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டனை விதித்த பிறகு கேட்கும் ஜாமீனுக்கு, விசாரணைக் கால ஜாமீன் மனுவையே தேதி மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. 'குடும்பஸ்தர், தலைமறைவாக மாட்டார்' என்பது மட்டும் இங்கே போதாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 430-வது பிரிவில் (பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 389) தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கிறோம். எந்தச் சாட்சியம் முரண்படுகிறது, தீர்ப்பு எங்கே சறுக்குகிறது, இதுவரை எத்தனை நாள் சிறையில் கழிந்தது என்பதெல்லாம் மனுவில் இருக்க வேண்டும்.

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் அதிகம் வருவது செக் கேஸ், அதாவது கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிய வழக்கு. அதில் பெரும் தவறு நடப்பது தீர்ப்பு நாளன்றுதான். ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவருக்கு மூன்றாண்டு வரை தண்டனை என்றால், மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்துத் தண்டித்த கோர்ட்டே ஜாமீனில் விடலாம். மனு, இரண்டு ஜாமீன்தாரர், அவர்களுடைய அசல் ஆவணங்கள், அபராதத் தொகை எதுவும் இல்லாமல் போய் நின்றால் அன்று மாலையே சிறைதான். கிடைத்தாலும் அது குறிப்பிட்ட நாள் வரைக்கும்தான். வழக்கு முடியும்வரை செல்லும் என்று வீட்டில் இருந்துவிட்டு, வாரண்டோடு போலீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள்.

மேல்முறையீடு செய்ய செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 60 நாள் கெடு. தீர்ப்பு நகலுக்கு மனு போட்டதிலிருந்து நகல் தயாராகும் வரையான நாள்கள்தான் கெடுக் கணக்கிலிருந்து கழியும். மனுவே போடாமல் கடத்திய நாள்கள் கழியாது. கெடு தாண்டினால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போடுங்கள். மேல்முறையீடு கோப்பில் ஏறாமல் தண்டனை நிறுத்த மனுவுக்குக் கால் ஊன்ற இடமில்லை.

ஹைகோர்ட் என்றதும் எல்லோரும் சென்னைக்குப் பஸ் ஏறிவிடக் கூடாது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் வழக்குகள் சென்னைக்கு. கரூர் வழக்கும், திண்டுக்கல் மாவட்டத்தில் சேர்ந்த பழனி, ஒட்டன்சத்திரம் வழக்குகளும் மதுரைக் கிளைக்கு.

செக் கேஸ் மேல்முறையீட்டில் அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லி உத்தரவு வரலாம். இழப்பீடு 5 லட்சம் என்றால் 1 லட்சம். கெடு 60 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். கட்டாமல் மௌனமாக இருந்தால் ஜாமீனே ரத்தாகலாம். உண்மையிலேயே முடியாதென்றால் காரணத்தையும் ஆவணங்களையும் முதல் மனுவிலேயே வையுங்கள். விதிவிலக்கான நிலையில் விலக்குத் தரலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காசுக்கு ஜாமீன் நிற்பவர்களை அழைத்துவராதீர்கள். இதற்குமுன் யார் யாருக்கு நின்றார் என்று ஜாமீன்தாரர் உறுதிமொழி தர வேண்டும். மறைத்தால் சிக்கல் எல்லோருக்கும்.

நிறுத்திவைப்பது தண்டனையை மட்டும்தான். குற்றவாளி என்ற முடிவு அப்படியே நிற்கும். அரசு வேலையில் இருப்பவர் அதற்குத் தனியாகத் தடை கேட்க வேண்டும். மேல்முறையீட்டில் தோற்றால், ஜாமீனில் வெளியே இருந்த காலம் தண்டனையில் கழியாது.