வாக்குத் தாளிலிருந்து தொடங்குங்கள்: ஐ.நா. செய்திகளை ஊர் நூலகத்தில் கூடி வாசிக்கும் முறை

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பன்னாட்டுச் செய்திகளை வாசித்துப் பேசும் வழக்கம் எங்களுக்கு உண்டு. சிறு தேயிலை விவசாயிகளும், வெலிங்டனில் பயிற்சி பெற்று ஓய்வுபெற்ற படைவீரர்களும், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். "ஐ.நா. ஒன்றுக்கும் உதவாது" என்று யாராவது சொல்வார், பேச்சு அத்தோடு படுத்துவிடும். அந்தத் தேக்கத்திலிருந்து மீள நாங்கள் கண்டுகொண்ட முறையை, இதே முயற்சியில் இறங்க நினைப்போருக்காக எழுதுகிறேன்.

முதலில் உரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வாக்கு விவரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பாதுகாப்பு அவையில் 15 நாடுகள் உண்டு. ஒரு தீர்மானம் நிறைவேற 9 வாக்குகள் வேண்டும், அதோடு அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நிரந்தர உறுப்பு நாடுகளில் எதுவும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது; தீர்மானத்தைத் தடுக்கும் அந்த எதிர்வாக்கைத்தான் வீட்டோ என்கிறார்கள். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இரண்டு வாக்கெடுப்புகளை அருகருகே வைப்பது நல்லது. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 11 நாடுகள் ஆதரவளித்தன; படையெடுத்த ரஷ்யாவே அந்த மாதம் அவைத் தலைமையில் இருந்தபடி அதை வீட்டோ செய்தது. 2023 டிசம்பர் 8 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 13 நாடுகள் ஆதரித்தன, பிரிட்டன் ஒதுங்கியது, அமெரிக்காவின் ஒரு வாக்கு அதை வீழ்த்தியது. ஒன்றை மட்டும் வைத்தால் கூட்டம் கட்சி பிரிந்துவிடும். தராசைப் பிடித்திருப்பவரே பச்சைத் தேயிலைக்குக் கழிவு எவ்வளவு என்றும் முடிவு செய்யும் நிலையை அறிந்த எங்கள் விவசாயிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லில் கவனம் வேண்டும். வாக்களிக்காமல் ஒதுங்குவதையும், அவைக்கே வராமல் இருப்பதையும் நம் நாளிதழ்கள் "புறக்கணித்தது" என்றே எழுதிவிடுகின்றன. 2022இன் உக்ரைன் வாக்கெடுப்பில் இந்தியா இருக்கையில் அமர்ந்தபடி ஒதுங்கியது. 1950இல் சோவியத் யூனியனோ சீனாவின் இருக்கை தொடர்பான சச்சரவில் அவைக்கே வரவில்லை, அதனால்தான் கொரியப் போர் குறித்த தீர்மானங்கள் வீட்டோவில் சிக்காமல் நிறைவேறின.

அடுத்தது, நிறைவேறிய தீர்மானங்களை வாசிப்பது. அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள், ஏனென்றால் வல்லரசுகளின் தன்னலம் வீட்டோவில் வெளிப்படையாகத் தெரிகிறது, தீர்மானத்தின் வினைச்சொற்களிலும் எண்களிலும் ஒளிந்துகொள்கிறது. போஸ்னியாவின் சிரெப்ரெனிட்சா 1993இல் "பாதுகாப்பான பகுதி" என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் வந்த 836ஆம் தீர்மானத்தை எடுத்து, அமைதிப்படை அங்கே என்ன செய்ய வேண்டும் என்று கூறும் வரியை மட்டும் உரக்கப் படியுங்கள். அதில் "பாதுகாக்க" என்ற சொல்லும் இல்லை, "காத்துப் போரிட" என்ற சொல்லும் இல்லை. தாக்குதல் நடத்த வருவோரைத் தயங்கச் செய்ய வேண்டும் என்ற அளவிலேயே அது நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட பகுதிகளைக் காக்கச் சுமார் 34,000 வீரர்கள் தேவை என்று கணக்குச் சொல்லப்பட்டபோது, அவை ஒப்புக்கொண்டது 7,600 பேரை. 1995 ஜூலையில் அந்நகரம் வீழ்ந்து, ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ருவாண்டாவில் வீட்டோவை யாரும் தொடக்கூட இல்லை: படுகொலை தொடங்கி இரண்டு வாரங்களில், 1994 ஏப்ரல் 21 அன்று, அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க அவை ஒருமனதாக முடிவெடுத்தது. கேட்ட எண், கொடுத்த எண் என்று இரண்டு பத்திகள் போட்டு எழுதிப் பார்த்தால், உரைகளில் சொல்லப்பட்ட இரக்கத்தின் அளவு தெரிந்துவிடும்.

பணமும் ஆளும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அதே தாளில் சேருங்கள். அமைதிப்படைச் செலவில் பாதிக்கு மேல் ஐந்து நிரந்தர நாடுகளின் பங்கு. களத்தில் நிற்போரோ பெரும்பாலும் நேபாளம், வங்கதேசம், இந்தியா, ருவாண்டா போன்ற நாடுகளின் பிள்ளைகள்.

நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்கும்போது, தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடுங்கள். நிகரகுவா தொடுத்த வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 1986 ஜூன் 27 அன்று அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைச் செயற்படுத்தும் பொறுப்பு சாசனப்படி பாதுகாப்பு அவையைச் சேர்ந்தது, அங்கே அமெரிக்கா தன் வீட்டோவைப் பயன்படுத்தியது. தென்சீனக் கடல் குறித்த 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பாயத்தின் முடிவைச் சீனா ஏற்கவே இல்லை.

எங்கள் கூட்டத்தில் 2009 பற்றிய கேள்வி மூன்றாம் வாரமே எழுந்தது. உங்களிடமும் எழும், தட்டிக்கழிக்காதீர்கள். வன்னியில் போர் நடந்த மாதங்களில் பாதுகாப்பு அவை இலங்கையைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே இல்லை. போர் முடிந்த சில நாட்களில், மே 27 அன்று, வீட்டோவே இல்லாத மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2012இல் அதே பேரவையில் இலங்கையைப் பொறுப்புக்கூறச் சொன்ன தீர்மானத்தையும் இந்தியா ஆதரித்தது, 2014இல் ஒதுங்கியது. இந்த மூன்று வாக்குகளையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அப்போது டெல்லிக்கு என்ன தேவை இருந்தது என்பதை உறுப்பினர்களே நிரப்பட்டும்.

1971ஆம் ஆண்டின் வங்கதேசப் போரைக் கடைசியாக வையுங்கள். அந்த டிசம்பரில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களைச் சோவியத் யூனியன் நமக்காக வீட்டோ செய்ததை நன்றியோடு நினைப்பவர்கள் எங்கள் மேசையைச் சுற்றியும் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன்; அதுவரை வீட்டோவை வைதுகொண்டிருந்த அறை அந்தத் தாளைக் கண்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தது. பிறகு தொடங்கிய விவாதம் லேசில் ஓயவில்லை. அன்றைய கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கிவிடுங்கள், கட்டபெட்டுப் பக்கம் போகிறவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.