ஃப்ரேம் போட்டுப் பக்கத்தைப் பிரிப்பது: ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற வேலை

நண்பர் பட்டறையில் பழைய சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஒன்று இன்னும் ஓடுகிறது. அதன் கையேடு ஒரு சிடியில் இருக்கிறது. பிரௌசரில் திறந்தால் இடப்பக்கம் பொருளடக்கம், வலப்பக்கம் பாடம். "பசங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல நாலு பக்கம் சேர்த்துக் குடுங்களேன்" என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே ஃப்ரேம்செட், அதாவது ஒரே திரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனிப் பக்கம் காட்டும் பழைய முறை. அன்றைய பொழுது அதோடு போயிற்று.

இது நெட்ஸ்கேப் 2 என்ற பழைய பிரௌசர் கொண்டுவந்த வித்தை. 1997 கடைசியில் வந்த எச்டிஎம்எல் 4 (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) அதைத் தரத்திலேயே சேர்த்தது. எச்டிஎம்எல் 5 வழக்கொழிந்தது என்று ஒதுக்கிவிட்டது. ஆனாலும் இன்றைய பிரௌசர்கள் காட்டத்தான் செய்கின்றன. புதுத் தளத்துக்கு இதைத் தொடாதீர்கள், பக்கத்தைப் பிரிக்க இன்றைய முறையான சிஎஸ்எஸ் கிரிட் இருக்கிறது. பழையதைப் பழுது பார்க்கிறவர்களுக்கே இந்தப் பதிவு. டேக் (பிரௌசருக்குச் சொல்லும் கட்டளைக்குறி) பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். ஃபைலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் மூன்று ஃபைல்கள்: பிரிப்பை மட்டும் சொல்லும் இன்டெக்ஸ், இடப்பக்க மெனு, வலப்பக்கப் பாடம். மெனுவும் பாடமும் சாதாரணப் பக்கங்கள்தான். எழுத நோட்பேட்++ போதும். இழுத்துவிட்டுப் பக்கம் கட்டும் மென்பொருள்கள் கேட்காத டேக்கையெல்லாம் நுழைத்துவிடும், இந்த வேலைக்கு ஆகாது.

இன்டெக்ஸில் ஹெட் (பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் மேற்பகுதி) முடிந்ததும் ஃப்ரேம்செட் டேக். அதில் கால்ஸ் என்று எழுதி 220, காற்புள்ளி, நட்சத்திரக்குறி. இடப்பக்கத்துக்கு 220 பிக்சல், மீதி முழுக்க வலப்பக்கத்துக்கு. சதவீதமும் போடலாம், ஆனால் சின்னத் திரையில் மெனு நசுங்கும். நான் பிக்சல் கட்சி. மேல்கீழாகப் பிரிக்க கால்ஸ் இடத்தில் ரோஸ். ஒரு ஃப்ரேம்செட்டுக்குள் இன்னொன்றும் வைக்கலாம். ஜாவா நிரல்மொழியின் பழைய ஏபிஐ ஆவணங்களைப் பார்த்திருப்பீர்களே, இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு பட்டியல், வலப்பக்கம் விளக்கம். அது இப்படிக் கட்டியதுதான்.

இங்கேதான் முதல் அடி. பழக்கதோஷத்தில், திரையில் தெரிவதையெல்லாம் அடக்கும் பாடி டேக்கைத் திறந்து அதற்குள் ஃப்ரேம்செட்டை வைத்தேன். திரை வெள்ளையாக நின்றது. பக்கத்தில் பிழைச்செய்தி ஒன்றும் வராது, அதனால் எங்கே தப்பு என்றே தெரியாது. ஃப்ரேம்செட் இருக்கும் ஃபைலில் பாடி கிடையாது. அதன் இடத்தில்தான் இது உட்காருகிறது. பாடி முதலில் வந்துவிட்டால் பிரௌசர் ஃப்ரேம்செட்டைக் கண்டுகொள்ளாது.

ஃப்ரேம்செட்டுக்குள் இரண்டு ஃப்ரேம் டேக். ஒவ்வொன்றிலும் எஸ்ஆர்சியில் ஃபைல் பெயர், நேமில் நாம் வைக்கும் பெயர். இந்த நேம்தான் உயிர்நாடி. மெனுவில் ஒரு லிங்கை அழுத்தினால், எதுவும் சொல்லாதபோது, அது மெனு கட்டத்திலேயே திறந்து மெனுவை விழுங்கிவிடும். வலப்பக்கம் திறக்க, லிங்கில் டார்கெட் என்று போட்டு அந்த ஃப்ரேமின் பெயரைத் தர வேண்டும். ஒவ்வொரு லிங்கிலும் எழுதச் சோம்பலா? மெனு ஃபைலின் ஹெட்டில் பேஸ் டேக் ஒன்று போட்டு அதில் டார்கெட்டைச் சொல்லிவிடுங்கள், எல்லா லிங்குக்கும் பொருந்தும்.

சரி, போட்டேன். அழுத்தினால் வலப்பக்கம் அசையவில்லை, புது டேப் ஒன்று திறந்தது, அடுத்தடுத்த லிங்குகளும் அந்த டேப்பிலேயே வந்தன. பதினோரு முறை அழுத்திய பிறகுதான் உறைத்தது: ஃப்ரேமுக்குப் பெயர் வைத்தபோது முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்திருக்கிறேன், டார்கெட்டில் எல்லாம் சிறிய எழுத்து. பிரௌசருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். அந்தப் பெயரில் ஃப்ரேம் இல்லையென்றால் புதிதாக ஒரு டேப்பை அந்தப் பெயரில் திறந்துவிடும். அதிலிருந்து பெயரை டைப் செய்வதே இல்லை, காப்பி-பேஸ்ட்தான்.

அப்புறம் தமிழ். மெனு சரியாகத் தெரிய, பாடம் மட்டும் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'க்களாகக் கொட்டிக் கிடந்தது. இன்டெக்ஸில் யுடிஎஃப்-8 (தமிழையும் காட்டும் எழுத்துக் குறிமுறை) என்று சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன். போதாது. ஒவ்வொரு ஃப்ரேமும் தனிப் பக்கம், ஒவ்வொரு ஃபைலின் ஹெட்டிலும் அதைச் சொல்லும் மெட்டா சார்செட் வேண்டும்.

பின்சேர்க்கை: வலப்பக்கத்திலிருந்து வெளித்தளத்துக்கு லிங்க் கொடுத்தால் வெறும் கட்டமாக நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பல தளங்கள் இப்போது வேறொருவரின் ஃப்ரேமுக்குள் திறக்க மறுக்கின்றன. அந்த லிங்குக்கு டார்கெட்டாக அண்டர்ஸ்கோரும் டாப்பும் சேர்த்து எழுதுங்கள். ஃப்ரேமை உடைத்துக்கொண்டு முழுத் திரையில் திறக்கும்.

இன்னொரு பின்சேர்க்கை: பாடத்தை மட்டும் பிரிண்ட் எடுப்பது எப்படி என்று பட்டறை நண்பரே கேட்டார். ஃபயர்ஃபாக்ஸில் பாடத்தின் மேல் வலது கிளிக் செய்தால் அந்த ஃப்ரேமுக்கென்று தனி மெனு வரும், பிரிண்ட் அதற்குள் இருக்கிறது. இப்போது லேத் பக்கத்துச் சுவரில் நாலு தாளும் ஒட்டியிருக்கிறது, சிடியை யாரும் திறப்பதில்லை.