பழைய கீபோர்டின் பின்பக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறப்பதற்கு முன்பே சேலத்தில் பழைய கீபோர்டுகள் கைமாறத் தொடங்கிவிடும். கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கச்சேரிகளை மனதில் வைத்துப் புதிதாக வாசிக்க வரும் பையன்கள், இருபது இருபத்தைந்து வருடத்து யமஹாவையோ ரோலண்டையோ கோர்கையோ வாங்கிவிடுகிறார்கள். கட்டைகள் சரியாக இருக்கும், சத்தமும் பிரமாதமாக இருக்கும். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் குழப்பம். அரைவட்டமாக ஐந்து ஓட்டை, ஃப்ளாப்பி வாய், பெயர் தெரியாத இன்னொரு உருண்டை சாக்கெட். வருடா வருடம் அதே தவறுகள், அதே புலம்பல்.

அந்த ஐந்து ஓட்டைதான் மிடி சாக்கெட், எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்பதை இன்னொரு கருவிக்கோ கணினிக்கோ சொல்லும் வழி. அதன் இன், அவுட் மாறிப்போவதை இங்கே சொல்லப்போவதில்லை. மாற்றிச் செருகினால் சத்தம் வராது, எதுவும் எரியவும் எரியாது. இரண்டே நாளில் தானாகப் பழகிவிடும்.

5 பின் இருந்தாலே மிடி ஒயர் என்று நினைப்பது

பழைய டேப்ரெக்கார்டர் ஒயரிலும் இதே பிளக்தான் இருக்கும், உள்ளே இணைப்பு வேறாக இருக்கலாம். மிடிக்கு 4, 5 இரண்டிலும் சிக்னல், 2-ல் ஷீல்டு. 1, 3 சும்மா கிடக்கும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து 4-க்கு 4, 5-க்கு 5, 2-க்கு 2 என்று தொட்டுப் பாருங்கள். ஒயர் 15 மீட்டரைத் தாண்டக்கூடாது.

ஹோஸ்ட் செலக்ட் சுவிட்சைக் கவனிக்காதது

90-களின் யமஹா கீபோர்டுகள் பலவற்றில் மிடி சாக்கெட்டோடு 'டு ஹோஸ்ட்' என்று 8 பின் சாக்கெட் ஒன்றும், பக்கத்தில் சின்ன சுவிட்ச் ஒன்றும் இருக்கும். மிடி, பிசி-1, பிசி-2, மேக் என்று நான்கு நிலை. மிடி தவிர வேறு எதில் இருந்தாலும் 5 பின் சாக்கெட் வேலை செய்யாது. இது தெரியாமல் 'மிடி செத்துப்போச்சு' என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போய், நல்ல போர்டில் ஆப்டோகப்ளரை (சிக்னலை வெளிச்சமாக்கிக் கடத்தும் சிப்) மாற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பவரை அணைத்துவிட்டு சுவிட்சை மிடிக்குத் தள்ளுங்கள். பின்னால் வந்த மாடல்களில் சதுர யூஎஸ்பி சாக்கெட்டுக்கும் 'டு ஹோஸ்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ஒன்று, ஒயர் வேறு.

சோதிக்காத பேக்கப்பை நம்பிப் பேட்டரியைக் கழற்றுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இதுதான். கோபம் வருவதும் இதற்குத்தான்.

பழைய கீபோர்டுகள் பலவற்றில் நீங்கள் செய்த டோன்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது உள்ளே இருக்கும் ஒரு 3 வோல்ட் காசு பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032. அதைக் கழற்றிய நிமிடம் நாதஸ்வரம், உருமி, பம்பை என்று முந்தைய ஆள் வருடக்கணக்கில் செதுக்கிய எல்லாம் போய்விடும். அதனால் முதலில் மிடி வழியாக பல்க் டம்ப், அதாவது மெமரியில் இருப்பதன் மொத்த நகல், கணினியில் எடுக்க வேண்டும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். கோளாறு, டம்ப் எடுக்கும் ஒயரில் இருக்கிறது.

கடையில் கிடைக்கும் மலிவான யூஎஸ்பி மிடி ஒயர் வாசிப்பதற்குப் போதும். ஒரு நோட்டுக்கு 3 பைட்தான் போகிறது. டம்ப் அப்படியல்ல, ஆயிரக்கணக்கான பைட் இடைவெளியில்லாமல் கொட்டும். உதாரணத்துக்கு, யமஹா டிஎக்ஸ்7-ன் 32 டோன்களும் சேர்ந்து 4,104 பைட். விநாடிக்கு 31,250 பிட் என்ற மிடி வேகத்தில் சுமார் 1.3 விநாடி விடாமல் ஓடும். மலிவு ஒயருக்குள் இருக்கும் துளி மெமரி நிரம்பியதும் நடுவில் சில பைட்டுகள் காணாமல் போகும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஃபைல் சேவ் ஆகும், பெயர் வைத்துப் பத்திரப்படுத்துவீர்கள், பேட்டரியை மாற்றுவீர்கள். திருப்பி அனுப்பும்போது 'செக்சம் எரர்' (வந்த டேட்டா சரியில்லை) என்று வரும், அல்லது ஒன்றுமே வராது. மெல்லிசைக் குழு ஒன்றின் கீபோர்டு இப்படித்தான் கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது வெறும் பெட்டியானது. பேக்கப் என்று இருந்தவை ஐந்து ஃபைல். ஒரே டம்ப்பை ஐந்து முறை எடுத்தது, ஐந்தும் ஐந்து அளவு. அந்த அளவுகளைப் பேட்டரியைக் கழற்றும் முன் ஒருவராவது பார்த்திருக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரே டம்ப்பை இரண்டு முறை எடுங்கள். இரண்டு ஃபைலும் பைட் பைட்டாக ஒத்துப்போக வேண்டும். ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்தால் முதல் பைட் எஃப்0, கடைசி எஃப்7. இரண்டாவது பைட் கம்பெனி எண்: ரோலண்ட் 41, கோர்க் 42, யமஹா 43, கேசியோ 44. டம்ப் எடுக்கும் மிடி-ஆக்ஸ் மென்பொருளில் சிஸ்எக்ஸ் பஃபர் (வரும் டம்ப்பைத் தாங்கும் மெமரி) அளவைக் கூட்டிவிட்டு எடுங்கள். அப்படியும் அளவு மாறினால் ஒயரைத்தான் மாற்ற வேண்டும். 5 பின் சாக்கெட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் யாரிடமாவது ஒரு நாள் இரவல் கேளுங்கள்.

அடுத்து, பேட்டரி உயிரோடு இருக்கும்போதே திருப்பி அனுப்பிப் பாருங்கள். முழு டம்ப்பை அல்ல! அது கெட்டிருந்தால் நல்ல மெமரியையும் சேர்த்துக் கெடுக்கும். முக்கியமில்லாத ஒரு டோனை மட்டும் தனியாக டம்ப் எடுத்து, கீபோர்டில் அதன் பெயரை மாற்றி சேவ் செய்துவிட்டு, ஃபைலை அனுப்புங்கள். பழைய பெயர் திரும்பி வந்தால் அனுப்பும் வழியும் சரி. வராவிட்டால் மெமரி புரொடெக்ட் ஆஃப் ஆகியிருக்கிறதா, டிவைஸ் நம்பர் (கீபோர்டின் மிடி அடையாள எண்) பொருந்துகிறதா என்று பாருங்கள். டம்ப் பல செய்திகளாக இருந்தால் நடுவே 100 மில்லிசெகண்ட் இடைவெளி விடுங்கள், பழைய பிராசசருக்கு எழுதி முடிக்க நேரம் வேண்டும்.

பிறகுதான் பேட்டரி. போர்டில் சால்டர் செய்த பேட்டரி என்றால் எடுத்துவிட்டு ஹோல்டர் வையுங்கள். காசு பேட்டரியின் மேலேயே சால்டரிங் அயர்னை வைக்கிறவர்களைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள், வெடிக்கும்.

1.44 எம்பி ஃப்ளாப்பியின் ஓட்டையில் டேப் ஒட்டுவது

ஆரம்பகால டிரைவ்கள் 720 கேபி ஃப்ளாப்பியை மட்டுமே ஏற்கும். 1.44-ன் கூடுதல் ஓட்டையை மறைத்தால் ஃபார்மட் ஆகும், ஆனால் காந்தப் பூச்சு வேறு. இன்று படிக்கும், அடுத்த வாரம் படிக்காது. ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாகப் பென்டிரைவை ஏற்கும் கோடெக் (Gotek) எமுலேட்டர் போட்டுவிட்டால் நிம்மதி. ஆனால் கணினிக்கான செட்டிங்கிலேயே மாட்டாதீர்கள். 34-வது பின்னில் கணினி 'டிஸ்க் மாறியது' என்ற சிக்னலை எதிர்பார்க்கும், கீபோர்டுகள் பல 'ரெடி' சிக்னலைக் கேட்கும். அது கிடைக்காவிட்டால் டிஸ்க் இல்லை என்றே காட்டும்.

ஏற்காட்டிலிருந்து வரும் ஃப்ளாப்பிகளை ஷட்டரை விலக்கி வெளிச்சத்தில் பார்த்த பிறகே போடுங்கள். பனிமூட்ட ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் ஹெட் அழுக்காகி, அடுத்து போடும் நல்ல டிஸ்க்கையும் கீறும்.

ஸ்மார்ட்மீடியா கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்வது

கூடாது. இந்தப் பழைய மெமரி கார்டைக் கீபோர்டிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

ஒயரைச் செருகியபடியே வண்டியில் ஏற்றுவது

ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போய் இறங்குவதற்குள் சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கும்.

'பழசு' என்று 5 பின்னை ஒதுக்குவது

1983-ல் வந்தது என்பதற்காக மட்டம் இல்லை. ஒரு நோட்டுக்கு ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகாது. 16 சானலையும் ஒரே ஒயரில் ஓட்டினால்தான் தாமதம் காதுக்குத் தெரியும். அதோடு ஆப்டோகப்ளர் இருப்பதால் இரண்டு கருவிகளின் கிரவுண்ட் இந்த ஒயர் வழியே சேராது. யூஎஸ்பியில் அந்தப் பிரிவு கிடையாது. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில், சார்ஜர் செருகிய லேப்டாப்பை யூஎஸ்பியில் மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் காரணம் கிரவுண்ட்தான். அன்றைக்கு 5 பின் ஒயரிலேயே வாசியுங்கள்.