உயர்கல்விக் கொள்கை ஆலோசகர் ஆவது எப்படி? எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

காலையில் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தில் நின்று பாருங்கள். கோவைக் கல்லூரிகளின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பிள்ளைகள் கேரளப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிக்கொண்டிருப்பார்கள். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாவில் இது தினசரிக் காட்சி. இவர்களை எந்த மாநிலக் கணக்கில் எழுதுவார்கள் என்று யோசித்தபோதுதான் எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது.

எந்தப் பாடம் தொடங்கலாம், இடங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) மதிப்பீட்டுக்கு எப்படித் தயாராவது என்று கல்லூரிக்கோ அரசுக்கோ கணக்கு பார்த்துச் சொல்வதுதான் ஆலோசகர் வேலை.

முதலில் படிப்பு. பொருளாதாரம், புள்ளியியல், கல்வியியல், எதுவானாலும் சரி. முதுகலை முடித்தபின் ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் புதுதில்லியில் நீபா (NIEPA) என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் இருக்கிறது.

அடுத்து, அட்டவணை படிக்கப் பழகுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கையை எடுங்கள். 18 முதல் 23 வயதினருக்கான மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், கேரளத்தில் 41.3, நாடு முழுவதும் 28.4. 2035க்குள் 50 ஆக்க வேண்டும் என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு.

இந்த விகிதம் எப்படி வருகிறது? பின்னத்தின் மேலே, அந்த மாநிலத்தில் உள்ள கல்லூரிகளில் படிப்போர். கீழே, அந்த மாநிலத்தில் 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகை. வேலந்தாவளத்தில் பஸ் ஏறும் பெண் மேலே தமிழ்நாட்டிலும் கீழே கேரளத்திலும் எண்ணப்படுகிறாள்! இரு மாநில வித்தியாசத்துக்கே இதுதான் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை பேர் என்று எண்ணாமல் அதைச் சொல்ல முடியாது. ஆனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் மேலே யார், கீழே யார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஒரே ஒரு கல்லூரி. பக்கத்துக் கல்லூரி முதல்வரிடம் அனுமதி வாங்கி, ஆபீஸில் உட்கார்ந்து சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். டி.சி. வாங்கிய தேதிகளைத் தனியாக எழுதுங்கள். சேர்ந்த சில வாரத்தில் போனவர்கள் அடுத்த அலாட்மென்டில் வேறு இடம் கிடைத்துப் போயிருக்கலாம். இரண்டாம் செமஸ்டரில் நின்றவர்கள் கதை வேறு. அவர்களைப் பற்றி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பெயர்களை மட்டும் வெளியே கொண்டுவராதீர்கள்.

பிறகு, ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு கல்லூரிக்கு நான் முதலில் கொடுத்தது 60 பக்க அறிக்கை. கடைசி வகுப்பு முடிவதற்குள் ஊர் பஸ் போய்விடுகிறது, அதனால் பெண்பிள்ளைகள் அந்த வகுப்பையே விட்டுவிடுகிறார்கள் என்ற விஷயத்தை 41ஆம் பக்கத்தில் வைத்திருந்தேன். யார் கண்ணிலும் படவில்லை. ஒரு கல்வியாண்டே போய்விட்டது. இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. இப்போதெல்லாம் முதல் வரியிலேயே பிரச்சினை, இரண்டாம் வரியில் என்ன செய்யலாம், அடுத்து யார் செய்ய வேண்டும். ஆதாரமெல்லாம் பின்னிணைப்புக்குப் போகும்.

வேலை தேடும்போது தமிழ், மலையாளம் இரண்டு மொழியும் தெரியும் என்பதை முன்னால் வையுங்கள். 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கி வெளியேறவும் வழி உண்டு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. எல்லையில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பெற்றோர் குழம்புகிறார்கள். கட்டணம், பஸ் செலவு, பட்டத்துக்கான ஆண்டு, மேற்படிப்புக்கான வழி, இந்த நான்கையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் ஒப்பிட்டு எழுதி, உங்கள் ஊர்ப் பள்ளியின் பிளஸ் டூ ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் எங்கே பேனா வைத்துத் திருத்துகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.