குளிர் தண்ணில பாஸ் மீன் தூண்டில் கடிக்காததுக்கு காரணம் இரையோட கலர் இல்ல

மூணு நாளா ஏரில ஒரு பாஸ் கூட சிக்கல. காலைல வெயில், மதியம் மேகம், சாயந்திரம் குளிர் காத்து, தண்ணி 9 டிகிரி. கிரேங்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட்னு லூர்கள (செயற்கை இரை) கலர் கலரா மாத்தினதெல்லாம் வேஸ்ட்.

நாலாவது நாள், இழுக்கிறத நிறுத்தினா தண்ணிக்குள்ள அப்படியே நிக்குற ஜெர்க்பெய்ட்ங்கற மீன் மாதிரி லூர ரெண்டு சுண்டு சுண்டி நிறுத்திட்டு கரையோரமா குனிஞ்சு பாத்தா, நிக்க வேண்டிய லூர் மெதுவா மேல ஏறுது! குளிர்ந்த தண்ணிக்கு அடர்த்தி ஜாஸ்தி, அதான் லூர மேல தள்ளுது. எடை ஏத்த, லூரோட முன்னாடி இருக்குற தூண்டில் முள்ளோட தண்டுல சால்டரிங் கம்பிய சுத்தி, ஏறாம இறங்காம நிக்குற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா நறுக்கினேன், ஒவ்வொரு சுண்டுக்கும் நடுவுல 10 செகண்ட் அசைக்காம விட்டேன். கடிச்சதே கைக்கு தெரியல, தூண்டில் நரம்பு மட்டும் லேசா பக்கவாட்டுல நகந்துச்சு. அன்னிக்கு நாலு பாஸ், அப்பாடா.