டீ வடிகட்டியின் வலையைத் தறியில் நெய்வது எப்படி?

வீட்டு டீ வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பற்றவைப்பு எதுவும் தெரியாது. வேட்டியைப் போலவே அதையும் பாவும் (நீளவாட்டு இழை) ஊடையுமாக (குறுக்கு இழை) தறியில் நெய்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், நூல் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், கம்பி கொடுக்காது. இந்தத் தொழிலின் பாடெல்லாம் அதில்தான்.

304 ரகத் துருப்பிடிக்காத எஃகில், 100 மெஷ், ஒரு மீட்டர் அகல வலை நெய்வதாக வைத்துக்கொள்வோம்.

1. கணக்கு

ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்களோ, அதுதான் மெஷ். 25.4 மி.மீ.யை 100 ஆல் வகுத்தால் 0.254. அதில் கம்பியின் கனம் 0.10 போனால், கண் 0.154 மி.மீ. கம்பி 0.11 ஆகிவிட்டால் கண் 0.144 ஆகச் சுருங்கும். ஆகவே கடையில் ‘100 மெஷ் கொடுங்க’ என்றால் போதாது. கம்பியின் கனத்தையும் சொல்லுங்கள்.

2. கம்பி இழுப்பு

5.5 மி.மீ. கம்பியை, படிப்படியாகச் சிறுத்துவரும் துளைகள் வழியே இழுத்து மெலிய வைப்பார்கள். ஒரு மீட்டர் கம்பி கடைசியில் 3 கிலோமீட்டர் ஆகிவிடும்! இழுக்க இழுக்க எஃகு விறைக்கும். ஹைட்ரஜன் உலையில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் இளகும், கறுக்கவும் செய்யாது.

3. பாவு

பொறுமையைச் சோதிக்கும் இடம் இது. ஒரு மீட்டர் அகலத்துக்குக் கிட்டத்தட்ட 3,937 கம்பிகள் வேண்டும். பாபின்களிலிருந்து பகுதி பகுதியாக இழுத்து, பீம் என்ற பெரிய உருளையில் சுற்றுவார்கள். எல்லாக் கம்பியிலும் ஒரே இழுவிசை இருக்க வேண்டும். துணியில் சின்ன நெளிவு வந்தால் இஸ்திரி போட்டுச் சமாளிக்கலாம். இங்கே சில கம்பிகள் தளர்ந்தாலும் வலை அலையலையாகப் புடைத்துவிடும், அப்புறம் தட்டி நிமிர்த்த முடியாது.

அடுத்து, ஒவ்வொரு கம்பியையும், அதைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணிலும், சீப்பு போன்ற அச்சின் பல்லிடுக்கிலும் கோக்க வேண்டும். ஒன்று இடம் மாறிக் கோத்தால், சுருள் முழுவதும் அந்தக் கோடு ஓடும். என்னைக் கேட்டால், வலையின் தலையெழுத்து தறி ஓடுவதற்கு முன்பே எழுதியாயிற்று.

4. நெசவு

விழுதுகள் பாவை இரண்டாகப் பிரிக்கும். நடுவே ஊடைக் கம்பி பாயும். அச்சு ஓங்கி அடித்து அதை இறுக்கும். உருளை 0.254 மி.மீ. மட்டும் வலையைச் சுற்றிக்கொள்ளும். விழுதுகள் மேல்கீழ் மாறியதும் அடுத்த ஊடை.

ஊடையைச் சுமந்து போய்வரும் நாடா ஓடும் தறியில் கம்பி திரும்பி வருவதால் கரை மூடியிருக்கும். ஊடையை ஒரு கோல் பிடித்து இழுத்துச் செல்லும் ரேப்பியர் தறியில் ஒவ்வொரு ஊடையையும் வெட்டுவதால் ஓரம் குத்தும். கையுறை போடாமல் தொடாதீர்கள்.

கண்ணின் அளவுக்குக் கம்பி கனமாகிவிட்டால் ஒன்று விட்டு ஒன்று வளையாது. அப்போது இரண்டுக்கு மேல், இரண்டுக்குக் கீழ் போகும் ட்வில் நெசவு. ஜீன்ஸ் துணியில் தெரியும் அதே சாய்கோடு.

5. சோதனை

எண்ணெய் போகக் கழுவி, விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் வலையை ஓடவிட்டு, விட்டுப்போன ஊடை, மடங்கிய கம்பி எல்லாவற்றையும் தேடுவார்கள். எவ்வளவு பிழை செல்லும் என்பதற்கு ஐஎஸ்ஓ 9044 தரநிலை இருக்கிறது.

உங்கள் வடிகட்டி எத்தனை மெஷ் என்று பார்க்க ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் போதும். ஒரு செ.மீ.க்குள் இருக்கும் கண்களை எண்ணி 2.54 ஆல் பெருக்குங்கள்.