காட்டு வழியில் சைக்கிள்: புதியவர்கள் விடும் தவறுகள்

பாலைப்பழம் பழுக்கும் வறட்சி மாதங்களில் திருகோணமலை இளைஞர்களுக்குக் காட்டு ஆசை பிடித்துவிடுகிறது. பன்குளம், கந்தளாய், திரியாய்ப் பக்கங்களில் குளக்கட்டுகளிலும் வண்டிப் பாதைகளிலும் சைக்கிளோடு இறங்கிவிடுகிறார்கள். எஞ்சிய தண்ணீரைத் தேடி மானும் பன்றியும் குளத்துக்கு வரும் காலம் அது. களவு வேட்டைக்காரனும் அப்போதுதான் வருவான். அமெரிக்காவில் வேட்டைப் பருவத்தை நாள் குறித்து அறிவிப்பார்கள். அங்கே குதிரையில் காட்டு வழி போகிறவர்கள் தங்களுக்கும் குதிரைக்கும் செம்மஞ்சள் துணி போர்த்தி, மணியும் கட்டிக்கொள்வார்கள். இங்கே நமக்கு யாரும் அறிவிக்கப்போவதில்லை.

தண்ணீர்ப் போத்தல், பங்சர் சாமான் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

மண்ணிற உடை

காக்கி, கறுப்பு, சாம்பல் எல்லாம் பற்றைக்குள் கரைந்துவிடும். வீதி வேலை செய்பவர்கள் போடும் செம்மஞ்சள் மேலங்கி போதும். மானின் கண்ணுக்கு அந்த நிறம் பெரிதாக எடுபடாது. மனிதக் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். ஆனால் அதன்மேல் கறுப்புப் பையை மாட்டினால் முதுகுப் பக்கம் போட்டதற்கே பயனில்லை. பையின் மேலும் ஒரு துண்டைக் கட்டுங்கள். மேலங்கியின் வெள்ளிப் பட்டி வெளிச்சம் பட்டால்தான் மின்னும். பகலில் உதவுவது துணியின் நிறம்தான்.

குறுக்கு வழி

எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது இதுதான். "அண்ணா, இதால் போனால் இரண்டு கிலோமீற்றர் மிச்சம்" என்று எவனாவது ஒருவன் ஒற்றையடித் தடத்துக்குள் சில்லைத் திருப்புவான். நானும் ஒரு காலத்தில் அப்படித் திருப்பியவன்தான். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

அந்தத் தடங்களில் கட்டுத்துவக்கு இருக்கும்: கம்பியில் எதுவும் முட்டினால் ஆளில்லாமலே வெடிக்கும் பொறித் துப்பாக்கி. அதற்குக் கண் இல்லை. நீங்கள் செம்மஞ்சள் போட்டிருந்தாலும் மணி அடித்தாலும் அதற்கு ஒன்றுதான். பன்றி வரும் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்து, பற்றைக்குள் மறைத்த இரும்புக் குழாயின் விசையோடு கட்டியிருப்பார்கள். முன்சில்லு முட்டினால் போதும். பன்றியின் உயரத்துக்கு வைத்த குறி, மனிதனுக்குக் காலில் விழும்.

சென்ற வறட்சியில் ஒரு தம்பி, பளபளக்கும் புது மேலங்கியோடு, ஒரு சேனைப் பயிர்நிலத்துக்குப் பின்னால் அப்படி ஒரு தடத்தில் நுழைந்தான். கத்தி நிறுத்தினேன். அவனுடைய சில்லுக்கு இரண்டு முழம் முன்னால், முழங்கால் உயரத்தில், துருப்பிடித்த கம்பி. அதில் ஒரு காய்ந்த இலை மட்டும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி: "கழற்றிவிடலாமா அண்ணா?" அறையத் தோன்றியது.

தொடக் கூடாது, தாண்டவும் கூடாது. அடுத்தது எங்கே கட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வந்த தடத்திலேயே திரும்பி, இடத்தைக் குறித்துக்கொண்டு, 119க்கோ வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கோ சொல்லுங்கள். யாராவது காயப்பட்டால் துணியால் இறுக அழுத்திப் பிடித்தபடி 1990 அம்புலன்சை அழையுங்கள்.

எந்தத் தடத்தில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: புதுச் சாணமும் சில்லுத் தடமும் உள்ள பாதையில் போங்கள். பட்டிமாடு தினமும் நடக்கும் வழியில் துவக்குக் கட்டினால் மாட்டுக்காரர் விடமாட்டார். குளம்படி மட்டும் பதிந்து, பற்றை இடுப்புக்குக் கீழே சுரங்கம்போல் திறந்திருந்தால் அது பன்றியின் வழி.

பொழுது சாயும்வரை நிற்பது

குளத்தடியில் அந்த நேரம் வேட்டைக்காரன் பதுங்கியிருப்பான். அவன் இல்லாவிட்டால் அலியன் யானை நிற்கும். நான்கு மணிக்கே திரும்புங்கள்.

காதில் இயர்போன்

கழற்றுங்கள்.

நாயைக் கூட்டிப்போவது

யானையைக் கண்டால் நாய் குரைத்துச் சீண்டிவிட்டு நேராக உங்களிடம்தான் ஓடிவரும், யானையையும் கூட்டிக்கொண்டு. வீட்டிலேயே கட்டிவிட்டு வாருங்கள்.